தோற்ற அணி வீரருக்கும் சிறந்த வீரர் விருது கிடைக்குமா?

கிடைக்கும், கிடைத்தும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கம்) தொடரின் கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டத்துக்குத்தான் அந்த விருது, இறுதி ஆட்டத்துக்கு மட்டும் இல்லை, அதனால் கோப்பையை யார் தூக்கினார்கள் என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய கட்டாயமே கிடையாது. 1959 இறுதியில் மேற்கு வர்ஜீனியா ஒரே ஒரு புள்ளியில் கலிபோர்னியாவிடம் தோற்றது, விருது தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குத்தான். 1965-இல் பில் பிராட்லியின் பிரின்ஸ்டன் இறுதிக்கே வரவில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அவர் 58 புள்ளிகள் எடுத்தார், அதைப் பார்த்த பிறகு வேறு யாருக்குக் கொடுப்பது? 1983-இல் ஹூஸ்டன் இறுதியில் தோற்றும் அந்த அணியின் ஹக்கீம் ஒலாஜுவான் வாங்கினார். அதற்குப் பிறகு ஜெயித்த அணிக்கே போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை, பழைய வழக்கம்தான் ஆட்டத்துக்கு நேர்மையாக இருந்தது.

அப்புறம், ஜெயித்த அணி கூடையின் வலையை ஏன் வெட்டுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வட கரோலினா ஸ்டேட் பயிற்சியாளர் எவரெட் கேஸ், இந்தியானா மாநிலப் பள்ளி ஆட்டங்களில் இருந்த பழக்கத்தை 1947-இல் கல்லூரி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். வீரர்கள் ஒவ்வொருவராக ஏணியில் ஏறி ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொள்வார்கள், கடைசி இழையை வெட்டி மீதி வலையைப் பயிற்சியாளர் எடுத்துக்கொள்வார். விருது ஒருவருக்குத்தான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் வலையில் ஒரு துண்டு உண்டு.