ஏரிக்கரை வேம்புகள் கருகுகின்றன, வெட்டிவிடலாமா?

இப்போதைக்கு வெட்ட வேண்டாம். நுனிக்கிளைகள் தீய்ந்தது போல் நிற்பதாக நீங்கள் எழுதியதைப் பார்த்தால், வேம்பு நுனிக்கருகல் நோயாகத்தான் இருக்கும். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சைதான் காரணம். தேயிலைக் கொசு என்ற பூச்சி சாறு உறிஞ்சிய காயமும் கூடச் சேர்ந்துகொள்ளும். பார்க்கப் பயமாக இருந்தாலும், பெரிய மரங்கள் பெரும்பாலும் கோடையில் மறுபடி துளிர்க்கும்.

கிளையில் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் இல்லையா? அடிமரத்திலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஏரிப் புறம்போக்கு மரம் அரசுடையது. ஊர்க்கூட்டம் கூடி முடிவெடுத்தாலும் நாமே வெட்டக் கூடாது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவுக்கு மனு போக வேண்டும். காய்ந்த கிளை நடைபாதைமேல் தொங்கினால் மட்டும் காத்திருக்காமல் உடனே விஏஓவிடம் சொல்லுங்கள்.