பேரரசி ஜிங்கூ எழுப்பிய கோயில்: சுமியோஷி தைஷா பற்றிக் கேட்டவர்களுக்கு

ஜப்பானின் ஓசாகா போகிறவர்கள் அங்குள்ள சுமியோஷி தைஷா என்ற ஷிண்டோ (ஜப்பானின் மரபுச் சமயம்) கோயிலைப் பற்றி நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜிங்கூ என்ற பேரரசி நிஜமாகவே வாழ்ந்தவரா?

720-ல் தொகுத்து முடிக்கப்பட்ட 'நிஹோன் ஷோக்கி' என்ற பழைய ஜப்பானிய வரலாற்று நூல் அவருடைய கதையைச் சொல்கிறது. கணவர் சூவாய் பேரரசர் இறந்தபோது ஜிங்கூ கர்ப்பிணி. கொரியாவின் சில்லா நாட்டின்மேல் படையெடுத்துப் போகும்போது பிரசவம் தள்ளிப்போவதற்காக இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டாராம். வென்று திரும்பியதும், கடலில் துணை நின்ற மூன்று சுமியோஷி தெய்வங்களுக்கு இங்கே கோயில் எழுப்பினார், அது 211-ஆம் ஆண்டு என்பது கோயில் மரபு.

இன்றைய வரலாற்றாய்வாளர்கள் அவரைப் புராணப் பாத்திரமாகத்தான் பார்க்கிறார்கள், சில்லாவை வென்ற கதையையும் ஏற்பதில்லை. ஆனாலும் 1881-ல் அவர் உருவத்தோடு ஜப்பானில் பணத்தாளே வந்திருக்கிறது. முகத்தை வரைந்தவர் கியோசோனே என்ற இத்தாலியர். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கொரியாவை ஜப்பான் அடிமைப்படுத்தி ஆண்டதற்கு இந்தக் கதையை நியாயமாகக் காட்டினார்கள். கொரிய நண்பர்களோடு போனால் இதை வெறும் வீரக்கதையாகச் சொல்லிவிடாதீர்கள், அவர்களுக்கு வலிக்கும்.

எப்படிப் போவது? நுழைவுக் கட்டணம் உண்டா?

ஓசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நாங்காய் ரயிலில் பத்து நிமிடம். ஹான்காய் டிராம் பிடித்தால் வாசலிலேயே இறங்கலாம். கட்டணம் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள், மாலை ஐந்து மணிக்குமேல் சன்னிதிப் பக்கம் போக முடியாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தச் சிவப்புப் பாலத்தில் ஏற முடியுமா?

வேண்டாம். பாலம் நடுவில் நன்றாக வளைந்து எழும்பும். ஏறுவதைவிட மறுபக்கம் இறங்குவதுதான் சிரமம். அதைக் கடந்தால் தூய்மையாவோம் என்பது நம்பிக்கை. ஆனால் பக்கத்திலேயே சமதளப் பாலம் இருக்கிறது, அம்மாவை அதில் அழைத்துப் போங்கள்.

நான்கு சன்னிதிகளில் எதை முதலில் கும்பிடுவது?

முதல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். நான்காவது, மூன்றாவதற்குப் பக்கத்தில். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது மூன்றும் நான்கும்தான், முதல் சன்னிதி கடைசியில் உள்ளே இருக்கிறது. அதனால் நேராக உள்ளே போய், அங்கிருந்து ஆரம்பித்து வாருங்கள். நான்காவதில் இருப்பவர்தான் ஜிங்கூ. இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும்.

இப்போதுள்ள கட்டடங்கள் 1810-ல் கட்டியவை, நான்குமே தேசியப் பொக்கிஷங்கள். வளைவே இல்லாத நேரான கூரை, அதன்மேல் சைப்ரஸ் மரப்பட்டை, சிவப்புத் தூண், வெள்ளைச் சுவர். எல்லாம் மேற்கே பார்த்து நிற்கின்றன, ஏனென்றால் அந்தக் காலத்தில் கடல் பக்கத்தில் இருந்தது. சீனாவின் தாங் அரசவைக்குப் போன தூதர்கள் இங்கே வேண்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் இப்போது கரை தூரம் போய்விட்டது. ஆனால் வளாகத்தில் சுமார் 600 கல்விளக்குகள் நிற்கின்றன. கடல்வழி வியாபாரம் செய்த வணிகர்கள் காணிக்கையாக வைத்தவை அவற்றில் ஏராளம். பாலத்தில் போட்டோ எடுத்துவிட்டு ஓடாமல் இந்த விளக்குகளின் நடுவே கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள். இது மாலுமிகளின் கோயில் என்று அங்கேதான் புரியும்.

கல் பொறுக்கும் இடம் ஒன்று உண்டாமே?

உண்டு, தவறவிடாதீர்கள். கோஷோ கோசென் என்ற இடம் அது. தெய்வங்களுக்கு எங்கே கோயில் அமைப்பது என்று ஜிங்கூ தேடியபோது, வெண்கொக்குகள் வந்து அமர்ந்து காட்டிய மரம் அங்கே இருந்ததாம். வேலிக்குள் கூழாங்கற்கள் கிடக்கும். அவற்றில் சிலவற்றில் 'ஐந்து' (五), 'பெரிய' (大), 'வலிமை' (力) என்று பொருள்படும் மூன்று ஜப்பானிய எழுத்துகளில் ஒன்று எழுதியிருக்கும். வேலியின் இடைவெளியில் கைவிட்டுத் துழாவி, மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்து வேண்டிக்கொள்ள வேண்டும். எழுத்துகளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் தேட எளிது.

வேண்டுதல் பலித்தால் அந்த மூன்றோடு, வேறிடத்தில் எடுத்த மூன்று கற்களில் நீங்களே எழுத்துகளை எழுதி, ஆறாகத் திருப்பிப் போட வேண்டும். அப்படி யாரோ ஒருவர் நன்றியோடு எழுதிப் போட்ட கல்தான் உங்கள் கைக்கும் வருகிறது. எனக்கு அந்தக் கோயிலில் மிகப் பிடித்த வழக்கம் இது.

எந்த மாதம் போகலாம்?

புத்தாண்டின் முதல் மூன்று நாள் வேண்டாம், இருபது லட்சம் பேருக்குமேல் வருகிறார்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் ஜூன் 14-க்குப் போங்கள். கோயிலுக்குள்ளேயே வயல் இருக்கிறது. அன்று எருது பூட்டி உழுது, பாட்டும் ஆட்டமும் நடக்க, நிஜமாகவே நாற்று நடுகிறார்கள். நாகாதோ என்ற பகுதியிலிருந்து நடவுப் பெண்களை வரவழைத்து இந்த வயலை ஆரம்பித்து வைத்தவரும் ஜிங்கூதான் என்கிறது கோயில் மரபு. விழா மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும். மழைக்காலம், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.