வாசகர் கேள்வி: மூன்று ஷார்ட்ஸ்டாப்களில் யார்?

கேள்வி: அமெரிக்காவின் இரு லீகுகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் பேஸ்பால் ஆட்டத்தில், 1999-ஆம் ஆண்டு அமெரிக்கன் லீக் அணியின் ஷார்ட்ஸ்டாப் என்னும் தடுப்பாட்ட வீரராக, டெரெக் ஜீட்டர் இருக்கும்போது நோமர் கார்சியாபாரா முதலில் களமிறங்கியது நியாயமா?

பதில்: நியாயமே என்பேன். ஆட்டம் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் நடந்ததால், உள்ளூர் வீரர் என்ற சலுகையில் ரசிகர்கள் கார்சியாபாராவுக்கு வாக்களித்தார்கள் என்று சிலர் சொல்லலாம். ஆனால் அந்தப் பருவம் முடிந்தபோது 0.357 என்ற சராசரியுடன், லீகில் மிக உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டத்தை வென்றவர் அவர்தான். ஜீட்டர் 0.349 சராசரியுடன் 219 ஹிட்களை (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுதல்) எடுத்து மிக அருகில் வந்தார். அந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் மாற்று வீரராகக் களமிறங்கிய ஜீட்டர், காலணி நுனியைத் தரையில் தட்டும் கார்சியாபாராவின் பழக்கத்தை அப்படியே நடித்துக் காட்டி அரங்கைச் சிரிக்க வைத்ததும் உண்டு. மூன்றாவது ஷார்ட்ஸ்டாப்பான அலெக்ஸ் ராட்ரிகஸ் முழங்கால் அறுவைச் சிகிச்சையால் தொடக்க வாரங்களை இழந்தும் 129 ஆட்டங்களில் 42 ஹோம் ரன்கள் அடித்தார். எனினும் அவ்வாண்டு ஆல் ஸ்டார் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

இம்மூவரோடு இன்னொருவரையும் நான் சேர்க்க விரும்புகிறேன். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே சீறி வரும் பந்தைத் தடுப்பதே ஷார்ட்ஸ்டாப்பின் முதல் வேலை என்பதால், பந்தை வெறுங்கையால் அள்ளி அதே வீச்சில் முதல் பேஸுக்கு அனுப்பிய கிளீவ்லாந்தின் ஓமர் விஸ்கேலைத் தடுப்பாட்டத்தில் இம்மூவருக்கும் மேலாகவே வைப்பேன். 1993 முதல் 2001 வரை சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு குளோவ் விருதுகள் தொடர்ந்து ஒன்பது அவருக்கே கிடைத்தன.