பேரிடர் நேரத்தில் ஆன்லைன் வரைபடத்தை வைத்து ஒரு தன்னார்வக் குழு உருப்படியாக என்ன செய்யலாம்?

கணினி தெரிந்த பத்துப் பேர் கூடினால் முதலில் தோன்றும் யோசனை, உதவி கேட்போரைப் புள்ளிகளாகக் காட்டும் ஒரு தளம். அதை உருவாக்க அரை நாள் போதும். அதனாலேயே ஒரே வெள்ளத்துக்கு ஏழெட்டுத் தளங்கள் முளைக்கின்றன. ஒரே குடும்பத்தின் கோரிக்கை எல்லாவற்றிலும் ஏறும், ஒன்றில்கூட முடித்துவைக்கப்படாது. ஆட்களை ஏற்கெனவே ஏற்றிவந்துவிட்ட வீட்டுக்கு இன்னொரு படகு போகும். ஆகவே, கட்டுப்பாட்டு அறை எந்தப் பட்டியலைப் பார்த்துப் படகு அனுப்புகிறது என்று முதலில் கேளுங்கள். அந்தப் பட்டியலைச் சுத்தமாக வைத்திருக்க ஆள் கொடுப்பது, புதிய தளத்தைவிடப் பெரும்பாலும் அதிகம் பயன்படும்.

அப்படி ஒரு பட்டியலே இல்லையென்றால் கூகுள் ஷீட் ஒன்று போதும். கோரிக்கை எண், செய்தி வந்த நேரம், இடம், பக்கத்து அடையாளம், எத்தனை பேர், என்ன தேவை, தொடர்பு எண், சொன்னவர் யார், நிலை. இதற்கு மேல் கேட்டால் நிரப்ப மாட்டார்கள். ‘தேவை’யும் ‘நிலை’யும் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக இருக்கட்டும். தட்டச்சு செய்ய விட்டால் ‘தண்ணி’, ‘குடிநீர்’, ‘தண்ணீர் வேண்டும்’ என்று மூன்று விதமாக ஏறும். ஃபில்டர் போடும்போது இரண்டு விட்டுப்போகும். நிலைக்கு ஐந்து சொற்கள்: புதியது, சரிபார்த்தது, குழுவிடம் கொடுத்தது, முடிந்தது, தொடர்பு கிடைக்கவில்லை. எந்த வரியையும் அழிக்காதீர்கள். நிலையை மட்டும் மாற்றுங்கள். அழித்தால் அதே கோரிக்கை மறுநாள் வேறொரு ஃபார்வர்டில் புதியதாகத் திரும்பி வரும். ஷீட்டை வரிசைப்படுத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும். ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து யாராவது வரிசைப்படுத்திவிட்டால், ஒருவர் முகவரிக்கு எதிரே இன்னொருவர் போன் எண் வந்து நிற்கும். மற்றவர்கள், ஷீட்டின் வரிசையை மாற்றாமல் தமக்கு மட்டும் வடிகட்டிக் காட்டும் ஃபில்டர் வியூவில் பார்த்துக்கொள்ளட்டும்.

அதிகம் சொதப்புவது இடம் குறிப்பதில்தான். வாட்ஸ்அப்பில் வரும் லொகேஷன் பல நேரம் சிக்கியவருடையது அல்ல, அவருக்காக வேறு ஊரிலிருந்து செய்தி அனுப்பும் உறவினருடையது. “இது நீங்கள் இருக்கும் இடமா, அவர்கள் இருக்கும் இடமா?” என்று கேட்காமல் புள்ளி வைக்காதீர்கள். அடுத்தது, முகவரியைத் தானாக ஆயத்தொலைவாக, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மாற்றும் சேவைகள். தெரு கிடைக்காவிட்டால் அவை பிழை என்று சொல்லாமல் அந்த ஊரின் மையப் புள்ளியைக் கொடுத்துவிடக்கூடும். ஒரே புள்ளியில் நாற்பது கோரிக்கைகள் குவிந்திருந்தால், அங்கே நெரிசல் என்று நினைத்து லாரி அனுப்பிவிடாதீர்கள். அந்த நாற்பதுக்கும் இடம் தெரியவில்லை என்றுதான் பொருள். பிறகு வரிசைக் குழப்பம். போன் செயலிகள் அட்சரேகையை முதலில் தரும், வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். சென்னைக்கு அருகிலுள்ள 13, 80 என்ற புள்ளியில் எண்கள் இடம் மாறினால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டுக்கு அருகே போய் விழும். அது கண்ணில் பட்டுவிடும், பரவாயில்லை. இரண்டு எண்களும் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில்தான் கண்டுபிடிப்பது கடினம். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வைத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம், நான்கு என்றால் 11 மீட்டர். ஷீட்டில் இரண்டு இலக்கமாகச் சுருங்கிவிட்டால் ஒரு கிலோமீட்டர் வரைகூடத் தள்ளிப்போகலாம்.

பன்னிரண்டு பேர் இருந்தால் ஆறு பேரையாவது போனில் உட்கார வையுங்கள். வரைபடத்துக்கு இரண்டு பேர் தாராளம். திரும்ப அழைத்துச் சரிபார்க்காத கோரிக்கை களத்துக்குப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

தொலைவிலிருந்து உதவ விரும்புவோருக்கு, யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சரியான இடம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம் வந்தபோது போர்ட்-ஓ-பிரான்சின் தெருக்களைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சில நாள்களில் வரைந்தார்கள். இந்த வேலையை ஒருங்கிணைக்கும் ஹாட் அமைப்பு அதே ஆண்டில் உருவானது. அதன் டாஸ்கிங் மேனேஜர், பகுதியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஆளுக்கொன்று தரும். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். புதியவர்கள் செய்யும் தவறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சாலைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் ஒரே புள்ளியில் இணைக்காமல் விடுவது இவற்றில் மோசமானது. கண்ணுக்கு இணைந்ததுபோல் தெரியும், வழிகாட்டும் செயலி மட்டும் அந்தத் திருப்பத்தை எடுக்காது, ஆம்புலன்ஸை ஊரைச் சுற்றி அனுப்பும். படம் சில மீட்டர் நகர்ந்திருப்பதைச் சரிசெய்யாமல் வரைவது, உயர்ந்த கட்டடத்தின் கூரையை வரைந்துவிட்டு அடித்தளத்துக்கு நகர்த்தாமல் விடுவது ஆகியவை அடுத்தவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை உலாவியிலேயே திருத்த உதவும் ஐடி எடிட்டரில் கட்டடத்தின் மூலைகளைச் செங்கோணமாக்க ‘கியூ’ விசையை அழுத்தினால் போதும்.

சேதத்தை மட்டும் மேலிருந்து மதிப்பிடாதீர்கள். தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிய கட்டடத்தின் கூரை மேலிருந்து பார்க்க முழுதாகவே தெரியும். 2013இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் சூறாவளிக்குப் பின் தொலைவிலிருந்து குறித்த சேதங்களைக் களத்தோடு ஒப்பிட்டபோது பொருந்தாதவை நிறைய இருந்தன.

வெள்ளப் பரப்பை அறிய ரேடார் படம் வேண்டும். சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளின் படம் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவும், இலவசம். அமைதியான நீர் அதில் கருப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடாவிட்டால் பழைய ஏரியும் வெள்ளக் கணக்கில் சேரும். சுவர்கள் நெருங்கிய நகரத் தெருக்களில் அலை பட்டுத் திரும்புவதால் தண்ணீர் கருப்பாகவே தெரியாது. அதனால் நகரத்துக்கு அந்தப் படத்தை நம்பி ‘இங்கே வெள்ளம் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

களக் குழுவுக்கு நெட்வொர்க் இருக்காது என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள். இணையம் இல்லாமலும் இயங்கும் வரைபடச் செயலிகளான ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்டில் அந்தப் பகுதியை முன்னதாக இறக்கி, ஃபிளைட் மோடில் போட்டுச் சோதியுங்கள். சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், இடம் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகலாம். தகவல் சேகரிக்க ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் படிவங்கள் நல்லவை; நிரப்பியதைப் போனிலேயே வைத்திருந்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்பும். இடம் பதியும்போது துல்லியம் 10 மீட்டருக்குக் கீழே வரும்வரை திறந்தவெளியில் நிற்கச் சொல்லுங்கள். இவ்வளவும் இருந்தாலும் காகித வரைபடம் வேண்டும். 1:10,000 அளவில் ஓர் ஏ3 தாளில் ஏறத்தாழ 4 கி.மீ.க்கு 3 கி.மீ. அடங்கும், கட்டம் போட்டு அ1, அ2 என்று எண்ணிட்டால் வாக்கி-டாக்கியில் இடம் சொல்ல எளிது. அச்சிட்ட தேதியும் நேரமும் மூலையில் இருக்கட்டும், நேற்றைய தாளை வைத்து இன்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

பொதுவில் காட்டும் வரைபடத்தில் பெயர், போன் எண், ‘தனியாக இருக்கிறார்’ போன்ற குறிப்புகள் எதுவும் வேண்டாம். அவை உள் ஷீட்டில் மட்டும் இருக்கட்டும். மீட்பு முடிந்ததும் பொதுப் படிவத்தை மூடி, கட்டுப்பாட்டு அறையின் எண்ணை அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள். மூடாத படிவத்தில் வாரக்கணக்கில் கோரிக்கை வந்துகொண்டே இருக்கும், எடுத்துப் பார்க்க அங்கே ஆள் இருக்காது.