டாக்டர் வேண்டாம், மரபணுக் கணக்கு வேண்டும் என்கிறாள் மகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பல்கலைக்கழகம் போகும் முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதிய மகள் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் துறை, படிக்கப் பிடிவாதம் பிடிக்கிறாள், டாக்டர் பேச்சையே எடுக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். துறை நல்ல துறைதான். அங்கே தினமும் என்ன வேலை நடக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா என்பதுதான் என் கவலை.

மனித மரபணுத்தொகுதியில், அதாவது நம் முழு டி.என்.ஏ.வில், சுமார் 300 கோடி எழுத்துகள். இன்று பரவலாக இருக்கும் இயந்திரங்கள் அதை 150 எழுத்து அளவுக்குத் துண்டு துண்டாகத்தான் படிக்கும். பிழையைப் பிடிக்க ஒரே இடத்தைச் சராசரியாக 30 தடவை படிப்பார்கள். எந்தத் துண்டு எந்த இடத்துக்கு உரியது என்று பொருத்துவது கணினியின் வேலை. பொருத்தி முடித்தால், ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் மாதிரித் தொகுதியிலிருந்து ஒருவர் வேறுபடும் இடங்கள் மட்டும் 40 முதல் 50 லட்சம் வரும். பெரும்பாலானவை எதுவும் செய்யாதவை. நோய்க்குக் காரணமான ஒன்றிரண்டைச் சலித்தெடுக்க வேண்டும். இத்தனை இடங்களைச் சோதித்தால் சில தற்செயலாகவே நோயோடு சேர்ந்து தெரியும். அதனால்தான் ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும் ஆய்வுகளில், தற்செயலுக்கான வாய்ப்பு 2 கோடியில் ஒன்றுக்கும் கீழே இருந்தால்தான் நம்புவார்கள். ஆக, இது உயிரியல் வேஷம் போட்ட புள்ளியியல். வெள்ளைக் கோட்டு, நுண்ணோக்கி எல்லாம் குறைவு. லினக்ஸ் இயங்குதளம், பைத்தான், ஆர் (R) நிரல்மொழிகள் என்று திரை முன்னால்தான் பொழுது போகும்.

நம் ஊரில் இதற்கு என்ன வேலை என்கிறீர்கள். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரத்தின் மரபணுத்தொகுதியை இதே பினாங்கிலுள்ள யு.எஸ்.எம். பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்டது. அதே ஆண்டு மலேசியச் செம்பனை வாரியம் செம்பனையின் தொகுதியையும், கொட்டை ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவையும் வெளியிட்டது. ஓடு மெல்லிசான ரகத்தில் எண்ணெய் அதிகம். மரம் காய்க்கும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்காமல் நாற்றிலேயே ரகம் பார்த்துவிடலாம். தோட்டக்காரர்களுக்கு இது காசு.

ஆனால் இளங்கலையோடு கிடைக்கும் வேலை குறைவு. ஆராய்ச்சிப் பக்கம் போனால் முதுகலையாவது எதிர்பார்ப்பார்கள். இதற்கென்றே பட்டப்படிப்பும் உண்டு. என்னைக் கேட்டால், கணினி அறிவியலோ புள்ளியியலோ படித்துவிட்டு முதுகலையில் இதற்குள் வருவது பாதுகாப்பு. மனம் மாறினாலும் வங்கியோ மென்பொருள் நிறுவனமோ எடுத்துக்கொள்ளும்.

விண்ணப்பிக்கும் முன் ரோசலிண்ட் என்ற இலவசத் தளத்தில் ஒரு மாதம் கணக்குப் போடச் சொல்லுங்கள். டி.என்.ஏ. எழுத்துகளை எண்ணுவதில் தொடங்கி மெல்ல மெல்லக் கடினமாகும். சலிப்பு வந்தால் அப்போதே தெரிந்துவிடும். எஸ்.டி.பி.எம்.மில் மேத்ஸ் டி என்ற கணிதப் பாடம் எடுக்காமல் உயிரியலை மட்டும் நம்பி வந்திருந்தால் முதலில் அதைப் பேசுவோம்.

தனியார் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தால் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பான எம்.க்யூ.ஏ.வின் அங்கீகாரத்தைப் பாருங்கள். அப்புறம் பாட அட்டவணையை வாங்கி, புள்ளியியலும் நிரலாக்கமும் எத்தனை பருவம் வருகின்றன என்று கேளுங்கள். ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள் என்றால் பணம் கட்டாதீர்கள்.