ஜேம்ஸ் காட்டனின் 'காட்டன் மௌத் மேன்': கேள்வி பதில்

புளூஸ் என்ற அமெரிக்க இசையின் ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) கலைஞர் ஜேம்ஸ் காட்டன். இது 2013 மே மாதம் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அவருடைய ஆல்பம். அப்போது காட்டனுக்கு வயது 77. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்கள்.

சார், ஆல்பம் காட்டன் பேர்ல வந்திருக்கு, பாடுறதெல்லாம் வேற ஆளுங்க. ஏன்?

தொண்டைப் புற்றுநோய். 90-களில் சிகிச்சைக்குப் பிறகு குரல் கரகரத்துவிட்டது. அதனால் தயாரிப்பாளர் டாம் ஹாம்பிரிட்ஜ், காட்டன் குழுவின் டாரல் நூலிஷோடு கிரெக் ஆல்மன், கெப் மோ, ரூத்தி ஃபாஸ்டர், வாரன் ஹேன்ஸ், டெல்பர்ட் மெக்லின்டன் ஆகியோரைப் பாட வைத்தார். கடைசிப் பாட்டு 'பானி புளூ'வை மட்டும் காட்டனே பாடுகிறார். கூட காலின் லிண்டனின் ரெசனேட்டர் கிட்டார் (உள்ளே உலோகக் கூம்பு வைத்தது) மட்டும்தான். முதலில் அதைக் கேளுங்கள். அந்தக் குரலுக்கு மூச்சு எங்கே தீர்கிறது என்று கவனித்துவிட்டு மற்றப் பாட்டுகளுக்குப் போனால், ஹார்மோனிகா எந்த இடங்களில் குரலுக்குப் பதிலாக நிற்கிறது என்பது புரியும்.

சி ஹார்மோனிகா வச்சிருக்கேன். ஜி-ல இருக்கிற பாட்டுக்கு அதையே எடுக்கச் சொல்றாங்க. தப்பில்லையா?

தப்பில்லை. அதுதான் புளூஸ் முறை, 'கிராஸ் ஹார்ப்' என்பார்கள். பாட்டின் ச எதுவோ, அதன் சுத்த மத்யமம்தான் எடுக்க வேண்டிய கீ. ஜி பாட்டுக்கு சி, ஈ பாட்டுக்கு ஏ, ஏ பாட்டுக்கு டி.

இப்படி எடுத்தால் 2-ஆம் துளையில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ச கிடைக்கும். 3 இழுப்பு அந்தர காந்தாரம், 4 இழுப்பு ப, 5 இழுப்பு கைசிகி நிஷாதம். முக்கியமான சுவரங்கள் எல்லாம் இழுப்பில் வருகின்றன. சுவரத்தை வளைத்து இறக்கும் ('பெண்ட்') வசதி கீழ்த் துளைகளில் இழுப்பில்தான் இருக்கிறது. இந்த வாத்தியத்தில் புளூஸ் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

அண்ணா, 3-ஆம் துளையில பெண்ட் வரவே மாட்டேங்குது. எவ்வளவு பலமா இழுத்தாலும் சத்தம் நின்னுடுது.

பலமாக இழுக்காதீர்கள் தம்பி. முதலில் 4 இழுப்பில் பழகுங்கள், அங்கே அரை சுவரம் மட்டும்தான் இறங்கும். இழுத்துக்கொண்டே வாய்க்குள் 'ஈ' வடிவத்திலிருந்து 'ஊ' வடிவத்துக்கு மாறுங்கள். நாக்கின் பின்பக்கம் பின்னே போக வேண்டும், தாடை சற்று இறங்க வேண்டும். மூச்சின் அளவு மாறவே கூடாது. 4 வந்த பிறகு 1, அதன்பின் 2. கடைசியில் 3.

3-இல் மூன்று படிகள் உண்டு. சி ஹார்மோனிகாவில் பி சுவரம் பி ஃபிளாட், ஏ, ஏ ஃபிளாட் வரை இறங்கும். செல்போனில் ட்யூனர் செயலியைத் திறந்து வைத்து ஒவ்வொரு படியிலும் நாலு எண்ணிக்கை நில்லுங்கள். புளூஸ் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே இருக்கிறது, ட்யூனர் அதைத் தனிச் சுவரமாகக் காட்டாது. மெதுவான பாட்டுகளில் காட்டன் அந்த இடத்தில் இழைவதைக் கேட்டுப் பிடியுங்கள்.

வீட்டில் 24 துளை ட்ரெமலோ ஹார்மோனிகா இருக்கு. அதில் வருமா?

வராது. ஊது ரீடும் இழு ரீடும் (ரீட் என்பது சத்தம் தரும் மெல்லிய உலோக நாக்கு) ஒரே அறையில் இருந்தால்தான் இப்படி வளைக்க முடியும். ட்ரெமலோவில் அவை தனித்தனி அறைகளில் இருக்கின்றன.

எந்த ஹார்மோனிகா வாங்கலாம்?

10 துளை டயடோனிக், சி கீ, பிளாஸ்டிக் கோம்ப் (துளைகள் உள்ள நடுச் சட்டம்). ஹோனர் ஸ்பெஷல் 20 போதும்.

விருந்தாளிகளை அடுக்கி ஒப்பேத்தியதை அவர் ஆல்பம்னு எப்படிச் சொல்றது? 1996-ல வந்த 'டீப் இன் தி புளூஸ்'தான் நிஜ காட்டன். கிராமியும் அதுக்குத்தான். இது பரிந்துரையோட நின்னுடுச்சு.

'டீப் இன் தி புளூஸ்' அருமையான ஆல்பம், சந்தேகமே இல்லை. ஜோ லூயிஸ் வாக்கரின் கிட்டார், சார்லி ஹேடனின் பாஸ், டிரம்ஸ் கிடையாது. கரகரத்த குரலில் காட்டனே பாடினார். ஆனால் 'ஒப்பேத்தியது' என்பதை ஏற்க மாட்டேன்.

12 பார் (தாளச் சுற்று) கொண்ட புளூஸில் ஒவ்வொரு நாலு பாரிலும் குரல் ஏறக்குறைய முதல் இரண்டை எடுத்துக்கொள்ளும், மீதி இரண்டு பதில் சொல்லும் வாத்தியத்துக்கு. புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸோடு சுமார் 12 வருஷம் காட்டன் செய்த வேலை அதுதான். இன்னொருவர் பாட, இடைவெளியில் பதில் சொல்வது அவருக்கு ஆதியிலிருந்தே தொழில். இந்த ஆல்பத்தில் ரூத்தி ஃபாஸ்டர் பாடும் 'ராப்ட் அரவுண்ட் மை ஹார்ட்'டில், அவர் வரியை விட்ட இடத்தில் ஹார்மோனிகா நுழைவதைக் கேளுங்கள். விருந்தாளியைக் காட்டன் பாட விடுகிறார், மேலே ஏறி ஊதவில்லை.

அப்போ இளமைக் காலத்து வேகம் எங்கே? 70-கள்ல வாசிச்சதோட ஒப்பிட்டா இது கால்வாசிதான்.

வேகத்தை மட்டும் அளந்தால் உங்கள் கணக்கு சரியாக இருக்கலாம். ஒரு சுவரத்தில் எப்படி நிற்கிறார் என்பதையும் அளந்து பாருங்கள். ஒரே சுவரத்தில் நின்று, கையைத் திறந்து மூடி, தொண்டையால் நடுக்கம் கொடுப்பது வேக வாசிப்பைவிடக் கடினம். மூச்சு கொஞ்சம் அதிகமானாலும் சுருதி இறங்கிவிடும்.

ஹார்மோனிகாவோட அந்த கரகர சத்தத்துக்கு என்ன மைக்?

புல்லட் வகை, கைக்குள் அடங்கும் குண்டு வடிவ மைக். ஷூர் 520 அல்லது பழைய அஸ்டாடிக் ஜேடி-30, கூடச் சின்ன வால்வு ஆம்ப். மைக்கையும் ஹார்மோனிகாவையும் காற்று கசியாமல் கைக்குள் மூடினால்தான் அந்தச் சத்தம் வரும். ஆம்ப் வீல் என்று கத்தினால் முதலில் ட்ரெபிளைக் குறையுங்கள், பிறகு வால்யூம். ஆம்ப்புக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். இவை ஹை இம்பீடன்ஸ் (உயர் மின்மறுப்பு) மைக்குகள், நேரே மிக்ஸரில் சொருகினால் சத்தம் மெலிந்து போகும், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஆரம்பிக்கிறவங்க எந்த ஹார்மோனிகா வாங்கணும்?

மேலே சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆல்பத்துல விருந்தாளியா வந்த கிட்டார் கலைஞர் ஜோ போனமாசா எந்த கிட்டார் வாசிச்சார்?

கிட்டார்காரர்களிடம் கேளுங்கள்.

ஈ கீ-ல பாட்டு, எந்த ஹார்மோனிகா?

ஏ. இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

தண்ணியில ஊற வச்சா சத்தம் கூடுமாமே?

செய்யாதீர்கள். மரக் கோம்ப் ஊறினால் உப்பி, துளை ஓரங்களில் துருத்திக்கொண்டு உதட்டைக் கிழிக்கும். காய்ந்ததும் வெடிக்கும். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி, திறந்து வைத்து உலர விடுங்கள்.

மூணு மாசத்துல 4 இழுப்பு சுருதி இறங்கிடுச்சு. மட்டமான சரக்கா?

பலமாக இழுத்து வாசிக்கிறீர்கள். பித்தளை ரீட் அசதியில் வேர்ப்பக்கம் நுண்ணிய விரிசல் விடும், முதலில் சுருதி இறங்கும், பிறகு ஊமையாகும். முதலில் மூடித் தகட்டைக் கழற்றி ரீடில் தூசியோ முடியோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் சுரண்டிச் சுருதி சேர்த்தாலும் நிற்காது. ரீட் பிளேட்டை மாற்றுங்கள். மாற்றிய பிறகு பக்கத்து அறையில் கேட்காத அளவுக்கு மெதுவாக வாசித்துப் பழகுங்கள்.