நகைப் பெட்டி: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர் கும்பகோணத்தில் வங்கிகளுக்கு நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தர் குடும்பம்.)

பாட்டியின் கெம்புக்கல் அட்டிகையை விற்கக் கொண்டுபோனேன். வீட்டில் எப்போதும் ‘அஞ்சு பவுன் அட்டிகை’ என்றுதான் பேச்சு. கடையில் மூன்றரைப் பவுனுக்குத்தான் பணமாம், கல்லுக்கு ஒன்றுமே கிடையாதாம். ‘மொத்தம் 40, கழிவு 9, டச் 83.3’ என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, மன்னார்குடி

சீட்டு எழுதிக் கொடுத்தார்களே, அதுவே பெரிய விஷயம். பல கடைகளில் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவதோடு சரி.

கணக்கில் தப்பில்லை அம்மா. 40 கிராம் என்பது கல்லும் அரக்கும் சேர்ந்த எடை. வீட்டில் சொன்ன 5 பவுன் அதுதான். 9 கழித்தால் தங்கம் 31 கிராம். டச் என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு. 83.3 என்றால் 20 கேரட். அப்படியானால் 31 கிராமில் சுத்தத் தங்கம் 25.8 கிராம்தான். இன்று விலை பேசுவது 22 கேரட்டில் என்பதால் அதற்கு மாற்றினால் 28 கிராம் சொச்சம் வரும். மூன்றரைப் பவுன். உங்கள் பாட்டி காலத்தில் ஹால்மார்க் கிடையாது. பத்தர் உருக்கிச் சேர்த்ததுதான் தரம். 20 கேரட் நகைகள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன.

ஆனால் கணக்குக்கு முன்னால் இருக்கிற இரண்டு எண்களை நான் விடமாட்டேன். முதலாவது அந்த 9. கல்லைப் பெயர்க்காமல் 9 கிராம் என்று எப்படித் தெரிந்தது? கண் மதிப்புதான். அட்டிகையின் ஒவ்வொரு கட்டிலும் கல்லுக்குப் பின்னால் அரக்கு நிரப்பியிருப்பார்கள். எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. விற்பது என்று முடிவானால் உங்கள் கண் முன்னாலேயே கல்லைப் பெயர்த்து, அரக்கை உருக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கிராம் இப்படியோ அப்படியோ போனாலும் சின்னப் பணமில்லை.

இரண்டாவது, டச். நகையின் எந்த இடத்தை உரைகல்லில் உரைத்தார்கள் என்று கேளுங்கள். அட்டிகையில் கல்லைப் பிடித்திருக்கும் தகடு ஒரு தரம், கழுத்துக்குப் பின்னால் வரும் கொக்கி ஒரு தரம், பற்றவைத்த இடம் இன்னொரு தரம். கொக்கி வளையக் கூடாது என்று செம்பைக் கூட்டித்தான் செய்வார்கள். அதை மட்டும் உரைகல்லில் உரைத்தால் டச் குறைவாகத்தான் காட்டும். நான் மூன்று இடத்தில் உரைத்து மூன்று கோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு சொட்டு ஆசிட் விடுவேன். 22 கேரட் கோடு அப்படியே மஞ்சளாக நிற்கும். மட்டமான கோடு மங்கி, பச்சை தட்டும். இப்போது கடைகளில் மெஷின் வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல மெஷின்தான், ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். அதையும் பல இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

அப்புறம் கல். ‘பாட்டி காலத்துக் கல், அசல்தான் இருக்கும்’ என்று நம்பிவிடாதீர்கள். உலையில் மாணிக்கம் செய்யும் முறையை வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-இலேயே வெளியிட்டுவிட்டார். செயற்கைச் சிவப்புக்கல் நம் பாட்டிமார் நகைகளில் தாராளமாக இருக்கிறது, வெறும் கண்ணாடியும் இருக்கிறது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் சில கற்களில் உள்ளே வளைந்து ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். அவை உலைக் கல். அசல் மாணிக்கத்தில் கோடு இருந்தால் நேராக, மூலை திரும்பி ஓடும். ஒருவேளை இரண்டு மூன்று பர்மாக் கல் அகப்பட்டால் அவை மட்டுமே நல்ல விலை பெறலாம். எதுவானாலும் கல் உங்களுடையது. பெயர்த்ததை ஒரு பொட்டலத்தில் கேட்டு வாங்கி, ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இரண்டு கடையில் ஒரே எடை, ஒரே 916 சங்கிலி. விலையில் இவ்வளவு வித்தியாசம் ஏன்?
– வாசகர், திருப்பூர்

தங்கத்தில் இல்லை தம்பி, சேதாரத்தில். ரூபாயில் சொன்னால் இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் விலை மாறிவிடும், கிராமிலேயே சொல்கிறேன். இரண்டு பவுன், அதாவது 16 கிராம் சங்கிலி. ஒரு கடை 12 சதவீதம் சேதாரம் போட்டால் 1.92 கிராம். இன்னொரு கடை 18 சதவீதம் போட்டால் 2.88. கிட்டத்தட்ட ஒரு கிராம் தங்கம் அங்கேயே போகிறது. விற்கும்போது இரண்டு சங்கிலிக்கும் 16 கிராமுக்குத்தான் காசு.

என் அப்பா பட்டறையில் அரம் போடும்போது மடியில் தோல் விரித்துக்கொள்வார். விழுகிற தூள் அதில். தரையைப் பெருக்கிய மண்ணைக்கூட விலைக்கு வாங்க ஆள் வரும். கோவையில் பட்டறைத் தெருச் சாக்கடையையே அரித்துத் தங்கம் எடுப்பவர்கள் உண்டு. கையால் செய்த வேலையில் சேதாரம் நிஜம். ஆனால் மெஷினில் பின்னிய சங்கிலிக்கு 18 சதவீதம் எங்கே சேதாரமானது என்று நீங்கள் கேட்கலாம், பேரமும் பேசலாம். ‘சேதாரம் இல்லை’ என்று பலகை வைத்த கடையில் கிராம் விலையும் செய்கூலியும் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும்.

தரத்துக்கு, நகையில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916, அந்த நகைக்கென்றே தரும் ஆறு இலக்க அடையாள எண்ணான எச்.யு.ஐ.டி. மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் கடையில் புது நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைப் போட்டால் எந்தக் கடை, எந்த மையத்தில் முத்திரை, என்ன நகை என்று வரும். சங்கிலியின் எண்ணுக்கு ‘மோதிரம்’ என்று வந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

மாமியார் கொடுத்த ஏழுகல் தோடு, ப்ளூ ஜாகர் வைரம். மொத்தம் ஒரு கேரட் இருக்கும். ஒரு கேரட் வைரத்தின் விலை இணையத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறது, கடைக்காரர் அதில் கொஞ்சமே சொல்கிறார்.
– வாசகி, மயிலாப்பூர்

மயிலாப்பூரிலிருந்து ப்ளூ ஜாகர் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்!

தோடு இரண்டிலும் சேர்த்து 14 கல். கல்லில் கேரட் என்பது எடை, தங்கத்தைப் போலத் தரமல்ல. ஒரு கேரட்டுக்கு 100 சென்ட். ஒன்று 7 சென்ட் வைத்தால் 98 சென்ட், நீங்கள் சொல்லும் ஒரு கேரட். ஆனால் வைரம் எடைக்கு எடை விலை போவதில்லை. பெரிய கல் கிடைப்பது அரிது என்பதால் கல் பெரிதாகப் பெரிதாகக் கேரட் விலையே ஏறும். ஒற்றை ஒரு கேரட் கல்லும் 14 பொடிக்கல்லும் ஒரே விலையாகாது.

ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்பான்டீன் சுரங்கத்தின் பெயர். நீலம் ஓடிய வெள்ளைக் கற்களுக்குப் பேர்போனது, 1971-இல் மூடிவிட்டார்கள். நம் ஊரில் அந்த நீல ஓட்டத்துக்கே தனி மரியாதை, கூடுதல் விலை. சர்வதேசச் சந்தையில் கதை வேறு. புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வதைச் சான்றிதழில் எழுதுவார்கள். மிக வெள்ளைக் கல்லில் அந்த ஒளிர்வு பலமாக இருந்தால் விலையைக் குறைப்பார்கள். லேசாக மஞ்சள் தட்டிய கல்லில் அதே ஒளிர்வு மஞ்சளை மறைப்பதால் லாபம்.

ஆகவே இந்தத் தோட்டுக்கு நல்ல விலை தருபவர், ப்ளூ ஜாகர் என்று கேட்டு வாங்கும் குடும்பம்தான். பழைய வைரத் தோடு வாங்கி விற்கும் கடைகளில் விசாரியுங்கள். பின்புறம் மூடிக் கட்டியிருந்தால் கட்டைப் பிரித்துத்தான் கல்லைச் சரியாக நிறுக்க முடியும், சொல்லிவிட்டேன். புதுசாகப் பட்டை தீட்டலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். 7 சென்ட் கல்லில் தீட்டிய பிறகு என்ன மிஞ்சும்?

என் சங்கிலியில் கே.டி.எம். என்று மட்டும் இருக்கிறது. நல்ல தங்கமா?
– வாசகர், நாகர்கோவில்

காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்தது என்பதற்கு மேல் அந்த முத்திரை ஒன்றும் சொல்லாது. அந்தப் புகை பத்தர்களின் உடம்புக்குக் கெடுதல். தரம் தெரிய டச் பாருங்கள்.

ஜோசியர் சொல்லி 5 கேரட் கனக புஷ்பராகம் வாங்கப் போகிறேன். இலங்கைக் கல், சூடு காட்டாதது என்கிறார் வியாபாரி.
– வாசகர், சேலம்

பலனை ஜோசியரிடம் கேளுங்கள், விலையை நான் சொல்கிறேன். சூடு காட்டினாலே போலி என்று நினைக்க வேண்டாம். கனக புஷ்பராகமும் நீலக்கல்லும் ஒரே இனம்தான். இலங்கையில் கெவுடா என்று ஒதுக்கிய பால் நிறக் கற்களை 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய், சூடேற்றி நீலமாக்கி விற்றார்கள். சூடு காட்டிய கல்லும் அசல்தான். சூடு காட்டாததற்கு விலை அதிகம், அவ்வளவே. பெரிலியம் சேர்த்து மஞ்சள் ஏற்றிய கல்தான் மிக மலிவாக வர வேண்டியது, கண்ணால் கண்டுபிடிக்கவும் முடியாது. 5 கேரட்டுக்குக் கல் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தால் சிட்ரின் என்ற வேறு மஞ்சள் கல்லாக இருக்கலாம், அது எடை குறைந்த கல். வியாபாரி சொல்வதையே பரிசோதனைக் கூடச் சான்றிதழிலும் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். எடையை ரத்தி என்ற பழைய அளவில் சொன்னால் கேரட்டில் எழுதச் சொல்லுங்கள், ஒரு கேரட் எங்கே போனாலும் 200 மில்லிகிராம். ரத்தி கடைக்குக் கடை மாறும்.